பாடக் குறிப்பு எழுதும் செயலிகள்: எது உதவும், எது மறைக்கும்?



பாடக் குறிப்புகளை இணையத்தில் எழுதிப் போடும் ஆசிரியர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். நல்ல செய்திதான். ஆனால், எந்தச் செயலியில் எழுதுவது, எதில் திருத்துவது, எதில் வெளியிடுவது என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியலை நீட்டுகிறோம். 'இது வேகம்', 'இது அழகு', 'இது இலவசம்'. காரணம் கேட்டால் இவ்வளவுதான் வரும்.

கடந்த சில மாதங்களாகப் பல செயலிகளையும் இணையச் சேவைகளையும் என் வகுப்புக் குறிப்புகளுக்குப் பயன்படுத்திப் பார்த்தேன். நான் கேட்ட கேள்விகள் மூன்று. குறிப்பை மாணவர் தேடினால் கிடைக்குமா? படியெடுத்தால் எழுத்தாகவே வருமா? அந்தச் சேவை நாளைக்கு மூடிவிட்டாலும் குறிப்பு நம்ம கையில் இருக்குமா? இந்த மூன்றிலும் தேறாத செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் தமிழாசிரியருக்குப் போதாது என்பதே என் முடிவு.

ஏன் இவ்வளவு கறார்? நம் பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உண்டு. எல்லாமே தொடக்கப்பள்ளிகள். ஆறாம் ஆண்டு முடிந்ததும் பிள்ளைகள் வெவ்வேறு இடைநிலைப்பள்ளிகளுக்குப் பிரிந்து போகிறார்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் அங்கே தமிழ் வகுப்புக்கு வழி பிறக்கும். எண்ணிக்கை சேராத பள்ளியில் படிக்கும் மாணவர் எஸ்.பி.எம்.மில் தமிழை எடுக்க நினைத்தால் என்ன செய்வார்? ஜார்ஜ்டவுனில் இருந்தால் தனி வகுப்பு கிடைக்கலாம். நிபோங் திபால் பக்கம் உள்ளே இருந்தால் அதுவும் சிரமம். திறன்பேசியில் தேடிக் கிடைப்பதுதான் அவருக்குப் பாதிப் பாடம். அதனால் நாம் எந்தச் செயலியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது நம்ம வசதியோடு மட்டும் முடிந்துபோகிற விஷயமில்லை.

படமாகிவிடும் எழுத்து

இப்போது அதிகம் புழங்குபவை சுவரொட்டி வடிவமைக்கும் செயலிகள். ஆகுபெயர் வகைகளை வண்ணக் கட்டங்களில் போட்டு, படமாக இறக்கி, புலனத்தில் அனுப்பிவிடுகிறோம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இப்போது எழுத்து இல்லை, படம். 'சினையாகுபெயர் எடுத்துக்காட்டு' என்று தேடும் மாணவருக்கு அந்தப் படம் கிடைக்குமா என்பது, அதைச் சுற்றி நாம் எழுத்தாக என்ன போட்டிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலும் ஒன்றுமே போடுவதில்லை. பார்வைக் குறைபாடுள்ள மாணவரின் திரைவாசிப்பானுக்கும் அதே கதிதான். புலனக் குழுவில் போட்டதோ குழுவுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. உள்ளே இருப்பவர்களுக்கும் நாலு நாளில் மேலே போய்விடும்.

பழைய எழுத்துருக்களில் இருக்கும் கோப்புகளும் இதே வகைதான். பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த குறிப்பை, அந்த எழுத்துரு இல்லாத கருவியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். ஒருங்குறியின் முதல் பதிப்பு வந்தது 1991இல். தமிழ் அதிலேயே இருந்தது. ஆனாலும் பலருடைய பழைய தேர்வுத்தாள்கள் இன்னும் பழைய எழுத்துருவிலேயே தூங்குகின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் உள்ளன. ஒரு விடுமுறைக் காலத்தில் இந்த வேலையை முடித்துவிடலாம்.

இதற்கு நல்ல முன்னுதாரணம் மதுரைத் திட்டம். தமிழ் நூல்களை மின்வடிவாக்க 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய முயற்சி அது. பல நூல்கள் அன்றிருந்த குறியேற்றங்களில் உள்ளிடப்பட்டு, பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. மாற்ற முடிந்ததற்குக் காரணம், அவை எழுத்தாக உள்ளிடப்பட்டிருந்ததுதான். வெறும் படமாக மட்டும் இருந்திருந்தால் மறுபடி முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும்.

'சுவரொட்டி போட்டால்தான் மாணவர்கள் பார்க்கிறார்கள்' என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அதுவும் உண்மைதான். சுவரொட்டியை விட்டுவிடச் சொல்லவில்லை. அதிலிருக்கும் வரிகளையே படத்துக்குக் கீழே எழுத்தாகவும் ஒட்டிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

கையால் தட்டவா, வாயால் சொல்லவா?

தமிழ்த் தட்டச்சில் மலேசியாவுக்குத் தனி இடம் உண்டு. முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு மென்பொருளும், பின்னர் கைப்பேசிக்கு அவர் தந்த செல்லினமும் நம் நாட்டில் பிறந்தவை. செல்லினத்தில் அஞ்சல், தமிழ்99 இரண்டு விசைமுகங்களும் இருக்கின்றன. அஞ்சல் முறையில் ஆங்கில எழுத்தொலி வழியாகத் தமிழ் எழுதுகிறோம். தொடங்க எளிது. ஆனால் லகரத்துக்குச் சின்ன 'எல்', ளகரத்துக்குப் பெரிய 'எல்' என்று மாணவர் மனம் ஆங்கிலம் வழியாகவே ஓடுகிறது.

தமிழ்99 பழக முதலில் கொஞ்சம் பொறுமை வேணும். ஆனால் 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கு தட்டல் போதும். ஒரே மெய் இரட்டித்தால் புள்ளி தானாக விழும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவது விரல் நுனியிலேயே பதிகிறது. இலக்கணம் கற்கும் மாணவருக்கு நான் பரிந்துரைப்பது தமிழ்99தான்.

குரல்வழித் தட்டச்சு வேகமானது, மறுக்க முடியாது. ஒரு கட்டுரை முன்னுரையை நிறுத்தி நிதானமாக வாசித்துப் பார்த்தேன். சொற்கள் பெரும்பாலும் சரியாகவே வந்தன. ஆனால் நிறுத்தற்குறி இல்லை, பத்தி இல்லை, வர வேண்டிய ஒற்று பல இடங்களில் இல்லை. கருத்துகளைத் தொகுக்க இது நல்ல துணை. அப்படியே வெளியிட்டால், நம் குறிப்பை நம்பிப் படிக்கும் மாணவர் அந்த ஒற்றுப்பிழையோடுதான் தேர்வெழுதுவார்.

திருத்திகள் எதுவரை?

நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழை திருத்தியும், நாவி சந்திப்பிழை திருத்தியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழாசிரியர் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கருவிகள் இவை. கண் களைத்துப்போன இரவில் விட்டுப்போன பிழையைக் காட்டிக் கொடுக்கும்.

ஆனாலும் சந்தி என்பது பொருளைச் சார்ந்தது. 'வேலை பார்த்தான்' என்றால் பணி செய்தான். 'வேலைப் பார்த்தான்' என்றால் வேல் என்ற ஆயுதத்தைக் கண்டான். முதலாவது இரண்டாம் வேற்றுமைத் தொகை, அதனால் வலி மிகாது. இரண்டாவதில் ஐ உருபு வெளிப்படையாக இருக்கிறது, அதனால் மிகும். 'கீரை கடை' என்றால் மத்தை எடுக்கணும். 'கீரைக்கடை' என்றால் சந்தைக்குப் போகணும். எழுதியவர் எதை நினைத்தார் என்பது எழுதியவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். எனவே மாணவர்களே, கருவி காட்டும் திருத்தத்துக்கு விதி சொல்ல முடிந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் நிறுத்தி இலக்கண நூலைப் பாருங்கள். தேர்வு மண்டபத்தில் திருத்தி வராது, விதிதான் வரும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் குறிப்பு கேட்போருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இவை சரளமாக எழுதும். அதே சரளத்தோடு இல்லாத குறளுக்கும் எண் கொடுத்துவிடும். சோதிக்க எளிய வழி உண்டு. திருக்குறளில் 133 அதிகாரங்கள், அதிகாரத்துக்குப் பத்துக் குறள். 391ஆம் குறள் என்றால் அது 40ஆம் அதிகாரமான கல்வியின் முதல் குறளாக இருக்க வேண்டும். எண்ணும் அதிகாரமும் பொருந்தாவிட்டால் அங்கேயே சந்தேகப்படுங்கள். பொருந்தினாலும் மூல நூலைத் திறந்து பார்த்த பிறகே கட்டுரையில் எழுதுங்கள்.

சேவைகள் மூடும்

இணையச் சேவை எதுவும் நிரந்தரமில்லை. ஜியோசிட்டிஸ் 2009இலும், கூகுள் ரீடர் 2013இலும், யாகூ குழுமங்கள் 2020இலும் மூடப்பட்டன. நம் பள்ளிகளில் புழங்கிய ஃபிராக் வி.எல்.இ. 2019இல் நிறுத்தப்பட்டு கூகுள் வகுப்பறைக்கு மாறினோம். மறு ஆண்டு டெலிமா வந்தது. மாற்றம் வரட்டும், அது குறையல்ல. ஆனால் சொந்தப் படி வைத்திராத ஆசிரியர் ஒவ்வொரு மாற்றத்திலும் தன் உழைப்பை இழக்க நேரிடும். பிளாக்கர், வேர்டுபிரஸ் இரண்டிலும் எழுதியதை எல்லாம் மொத்தமாகக் கோப்பாக்கி இறக்கிக்கொள்ள வசதி உண்டு. அதனாலேயே, தோற்றத்தில் பழசு என்றாலும் இவற்றுக்கு என் ஓட்டு. புதிய சேவையில் சேரும் முன் 'எப்படி உள்ளே போவது' என்று பார்ப்பது போல 'எப்படி வெளியே எடுப்பது' என்றும் பாருங்கள்.

ஆக, நான் பரிந்துரைக்கும் வரிசை இதுதான். ஒருங்குறியில் தட்டச்சு செய்யுங்கள். வாணியிலும் நாவியிலும் ஒருமுறை ஓட்டுங்கள். ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். மாணவர் தேடக்கூடிய சொல்லையே தலைப்பில் வையுங்கள். 'இலக்கணம் பகுதி 3' என்று யாரும் தேட மாட்டார்கள், 'வலி மிகும் இடங்கள்' என்று தேடுவார்கள். எழுத்தாக வெளியிட்டு, மாதம் ஒருமுறை படி எடுத்து வையுங்கள்.

இதில் புதுமையான செயலி எதுவும் இல்லை என்று சிலருக்குத் தோன்றலாம். இல்லைதான். ஆனால் வகுப்பில் தமிழ் ஆசிரியர் இல்லாத ஒரு படிவம் 5 மாணவர் இரவு பத்து மணிக்குத் தேடும்போது, இப்படி எழுதிய குறிப்பு கிடைக்க வாய்ப்பு அதிகம்.