கொள்கலனும் கணக்கேடும்: லெவின்சனின் நூல் பற்றிய ஒரு நோக்கு

உலக வணிகத்தின் வரலாற்றை எழுதியோர் நெடுங்காலமாகப் பண்டங்களைப் பற்றியும் அவற்றை விற்ற அரசுகளையும் வணிகரையும் பற்றியும் எழுதினரேயன்றி, அப்பண்டங்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சென்ற வகை பற்றி அதிகம் சிரத்தை கொண்டாரல்லர். பட்டும் மிளகும் தேயிலையும் வரலாற்றில் இடம்பெற்றன. அவற்றைச் சுமந்தவனும் சுமப்பதற்குச் செலவான பணமும் அடிக்குறிப்புகளாயின. பொருளியற் பத்திரிகையாளராகப் பணியாற்றிய மார்க் லெவின்சன் எழுதி, 2006ஆம் ஆண்டு பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ‘த பொக்ஸ்’, அதாவது ‘பெட்டி’, என்னும் நூல் இக்குறையைப் பெருமளவு நீக்கியது. கொள்கலன் என இங்கு வழங்கப்படும் இரும்புப் பெட்டியே அந்நூலின் கதாநாயகன். நூல் வெளிவந்து பத்தாண்டுகளில் விரிவான இரண்டாம் பதிப்பையும் கண்டது. கப்பல் வணிகம் பற்றிப் பிற்காலத்தில் எழுந்த எழுத்துகளுள் பல அந்நூலின் தரவுகளையே கைமாற்றாகப் பெற்றவை எனினும் தவறாகாது.

அந்நூலின் வலிமை அதன் கணக்கிலே தங்கியுள்ளது. 1954இல் புரூக்லினிலிருந்து ஜேர்மனியின் பிரேமர்ஹாவனுக்குச் சென்ற ‘வாரியர்’ என்ற சரக்குக் கப்பலைப் பற்றி அமெரிக்க அரசின் ஆதரவுடன் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. லெவின்சன் அதனை மறதியிலிருந்து மீட்டெடுத்து எடுத்துரைக்கும் பகுதி நூலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று. அக்கப்பல் ஏற்றிச் சென்றது ஏறத்தாழ 5,000 தொன் சரக்கு. மூட்டை, பீப்பா, பெட்டி, கட்டு, வாகனம் என அதில் 194,582 தனித்தனி உருப்படிகள் இருந்தன. அவை 151 நகரங்களிலிருந்து வந்தவை. ஏற்றுவதற்கு ஆறு நாள், கடலைக் கடப்பதற்குப் பத்தரை நாள், இறக்குவதற்கு நான்கு நாள். மொத்தச் செலவு 237,577 டொலர். அதிற் கடற்பயணத்துக்குச் சென்றது 11.5 சதவீதம் மாத்திரமே. இரு துறைகளிலும் ஏற்றி இறக்குதற்குச் சென்றதோ 36.8 சதவீதம். வணிகத்துக்குத் தடையாக நின்றது கடலன்று, துறைமுகத்து மேடையே என்ற உண்மையை இதனைவிடத் தெளிவாகக் காட்டுதல் அரிது.

இதற்கு இரண்டு ஆண்டுகளின் பின், 1956 ஏப்பிரல் 26இல், நியூவார்க்கிலிருந்து ஹியூஸ்ரனுக்கு 58 பெட்டிகளுடன் ‘ஐடியல் எக்ஸ்’ என்ற பழைய எண்ணெய்க் கப்பல் புறப்பட்டது. அதனை அனுப்பிய மல்கம் மக்லீன் கடலோடியல்லர். வட கரோலினாவைச் சேர்ந்த லொறி முதலாளி. சில்லறைச் சரக்கை ஒரு தொன் ஏற்ற அக்காலத்திற் சென்ற செலவு ஏறத்தாழ 5.8 டொலர், மக்லீனின் கப்பலில் அது 16 சதத்துக்குக் குறைந்தது. கடலையும் கப்பலையும் பற்றிய பரம்பரைப் பெருமிதம் சிறிதுமில்லாத ஒருவரே கப்பலை லொறியின் நீட்சியாகக் காண முடிந்தது என லெவின்சன் உணர்த்துவது பொருத்தமானதே.

எனினும் அவர் மக்லீனைத் தனிமனித வீரராக்கி விட்டுவிடவில்லை என்பது மனங்கொளத்தக்கது. பெட்டியின் நீள அகலங்களை உலகம் முழுவதற்கும் ஒன்றாக்குவதற்கு 1960களிற் குழுக்கள் நடத்திய சலிப்பூட்டும் வாதங்கள், மன்ஹற்றன், புரூக்லின் துறைகள் தேய்ந்து நியூ ஜேர்சியின் எலிசபெத் துறை எழுந்தமை, 1960இல் அமெரிக்க மேற்குக்கரைத் தொழிற்சங்கத்தின் சார்பில் ஹரி பிரிட்ஜஸ் இயந்திரமயமாக்கலுக்கு இணங்கி அதற்கு ஈடாகத் தொழிலாளருக்கென ஆண்டுக்கு 50 இலட்சம் டொலர் நிதி பெற்றமை ஆகியவற்றையெல்லாம் பொறுமையுடன் விவரிக்கிறார். வியட்நாம் யுத்தம் பற்றிய இயலோ தனியே வாசிக்கத்தக்கது. 1967இல் காம் ரான் குடாவுக்குப் படைத்தளபாடங்களைப் பெட்டிகளில் ஏற்றிச் செல்லும் ஒப்பந்தம் மக்லீனின் கம்பனிக்குக் கிடைத்தது. போக்குவரத்து இரண்டுக்குமான செலவை இராணுவமே ஈடுசெய்ததால், வெறுமையாகத் திரும்பவேண்டிய கப்பல்கள் ஜப்பானுக்குச் சென்று அங்கு ஏற்றுமதிச் சரக்கை ஏற்றின. பசிபிக் சமுத்திரத்தின் ‘மலிவான’ கப்பற்கூலி தொடக்கத்தில் எவருடைய பணத்தில் நின்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் இந்த உண்மையைக் கண்டெடுத்துத் தந்த ஆசிரியர் அதனை ஒரு சுவையான நிகழ்ச்சியாகவே விட்டுச் செல்கிறார். அது எழுப்பும் வினாவைத் தொடரவில்லை.

நூலின் அடிப்படைக் குறைபாடு இங்குதான் தோன்றுகின்றது. செலவு குறைதல் என்பது இருவகைப்படும். வீணாகிய உழைப்பும் காலமும் களவும் நீங்குவதால் வரும் குறைவு ஒன்று. ஒருவர் செலுத்திய செலவைப் பிறிதொருவர் தலையிற் சுமத்துவதால் வரும் குறைவு மற்றொன்று. முன்னையது சமுதாயத்துக்கு உண்மையான இலாபம். பின்னையது கணக்கேட்டில் மாத்திரம் இலாபம். பெட்டியால் விளைந்த மலிவில் இரண்டும் கலந்துள்ளன. லெவின்சன் இவற்றைப் பிரித்தறியாது ஒரே நிரலில் எழுதிவிட்டார். அவருடைய கணக்கு, பண்டத்தை அனுப்புபவனின் கணக்கு. அதில் கடலுக்கென ஒரு நிரல் இல்லை. கப்பலில் வேலை செய்யும் கடலோடிக்குங்கூட அங்கு மிகச் சிறிய இடமே உண்டு.

ஆயினும் பழைய துறைமுக வாழ்வை இலட்சிய உலகமாகக் காட்டி லெவின்சனைச் சாடுவதும் நேர்மையாகாது. காலையிற் கங்காணியின் முன் கூட்டமாக நின்று அன்றைய வேலைக்குக் கையேந்திய தொழிலாளியின் வாழ்வு, முதுகு முறிந்து கைகால் இழந்தவர்களின் வாழ்வு, ஏக்கத்துக்குரிய பொற்காலமன்று. ஆனால் அம்முறையில், கப்பலில் ஏறும் ஒவ்வொரு பொருளையும் ஒரு மனிதக் கை தொட்டது. பட்டினப்பாலையிற் காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிற் குவிந்த பண்டங்கள், பிறந்த இடத்தின் பெயரோடு ஒவ்வொன்றாகக் கூறப்படுவதைத் தமிழ் மாணவர் அறிவர். ஈழத்திலிருந்து சென்ற உணவுப்பொருளும் அவற்றுள் ஒன்று. வாரியர் கப்பலின் பட்டியலும் அவ்வகையினதே. இன்றைய துறைமுகத்தில் அத்தகைய பட்டியலைக் கண்ணாற் பார்த்து எழுதுதல் இயலாது. அங்குள்ளவை யாவும் ஒரே வடிவான பெட்டிகள்.

இக்காட்சியிழப்பை முதலில் ஆழமாகச் சிந்தித்தவர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞரும் விமர்சகருமான அலன் செக்குலா. 1995இல் வெளிவந்த அவருடைய ‘ஃபிஷ் ஸ்ரோரி’ என்ற நூலும், நோயல் பேர்ச்சுடன் இணைந்து 2010இல் அவர் உருவாக்கிய ‘த ஃபொகோற்றன் ஸ்பேஸ்’ என்ற ஆவணப்படமும் லெவின்சனின் நூலோடு வைத்து நோக்குதற்பாலன. மின்காந்த வேகத்தில் மூலதனம் உலகைச் சுற்றுவதாகப் பலரும் பேசிய காலத்தில், பண்டங்கள் இன்னும் கடலில் மெதுவாக, பாரமாக, மனித உழைப்பினாலேயே செல்கின்றன என அவர் வற்புறுத்தினார். பெட்டி மறைப்பது பண்டத்தை மாத்திரமன்று, அதனை எங்கோ தொலைவிற் செய்த கையையுமே என்பது அவர் கருத்து. செக்குலாவின் கண் கூரியது. ஆயினும் அவரிடம் லெவின்சனின் பேரேடு இல்லை. எவர் எவ்வளவு செலுத்தினார் என்ற வினா வரும்போது அவருடைய படைப்பு உருவகத்துக்குள் ஒதுங்கிவிடுகின்றது. ஒருவரிடம் கணக்கு உண்டு, கடல் இல்லை. மற்றவரிடம் கடல் உண்டு, கணக்கு இல்லை.

செலவு இடம்மாறுவதற்குப் பல வழிகள் உள. பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்று நாடுகளின் கொடிகளின் கீழ் உலகக் கப்பற் கொள்ளளவின் 40 சதவீதத்துக்கு மேற்பட்டது பதிவாகியுள்ளது. உரிமையாளர் ஒரு நாட்டவர், கடலோடி பிலிப்பைன்சையோ இந்தியாவையோ சேர்ந்தவர், சட்டம் இன்னொரு நாட்டினது. 58 பெட்டியுடன் தொடங்கிய கப்பல் இன்று 24,000 இருபதடிப் பெட்டிகளைத் தாங்குமளவு பெருத்துள்ளது. ஒரு பெட்டிக்கான செலவு இதனாற் குறைந்தது உண்மை. ஆனால் அப்பருமனுக்கேற்ப ஆழ்கடற்றுறையும் அலைதாங்கியும் அமைப்பது பெரும்பாலும் பொதுப் பணம். கொழும்புத் தெற்குத் துறைமுகத்தின் அலைதாங்கி ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுடன் அமைக்கப்பட்டு 2012இல் நிறைவெய்தியது. 18 மீற்றர் ஆழமுள்ள புதிய முனையம் 2013இல் இயங்கத் தொடங்கியது. கப்பல் பெருப்பதன் இலாபம் கப்பற் கம்பனிக்கு. கடன் தவணை நாட்டுக்கு.

எரிபொருளின் கதையும் அவ்வாறானதே. எண்ணெய் சுத்திகரித்தபின் எஞ்சும் தடித்த கழிவெண்ணெயே கப்பலின் மலிவான உணவு. அதிலுள்ள கந்தகத்தின் அளவு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது 2020 ஜனவரியிலேதான். அதன் பின்னரும், புகையைக் கழுவிக் கழிவுநீரைக் கடலில் விடும் கருவியைப் பொருத்தினால் பழைய எண்ணெயையே எரிக்கலாம் என விதி இடங்கொடுக்கிறது. காற்றின் செலவு கடலுக்கு மாற்றப்பட்டது. ஒரு தொன் சரக்கை ஒரு கிலோமீற்றர் கொண்டுசெல்லும்போது லொறியையும் விமானத்தையும் விடக் கப்பல் மிகக் குறைவாகவே புகையை வெளிவிடுகின்றது என்பது மறுக்கொணாதது. ஆனால் கடல்வழிச் சரக்கு ஆண்டுக்கு 1,200 கோடி தொன்னைத் தாண்டிய நிலையில் அத்திறன் மாத்திரம் போதுமானதன்று. 2018இற் கப்பல்கள் வெளியிட்ட பச்சைவீட்டு வாயு ஏறத்தாழ 107 கோடி தொன். உலக வெளியீட்டில் 3 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. சர்வதேசக் கப்பற் பயணத்தின் இப்பங்கு எந்த நாட்டின் மொத்தத்திலும் சேர்க்கப்படுவதில்லை. இதற்கு விலை விதிக்க முற்பட்ட சர்வதேசத் திட்டமும் 2025 ஒக்டோபரில் ஓராண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது.

இம்மறைந்த செலவுகள் யாவும் ஓரிடத்திற் கூடி வெளிப்பட்டமைக்கு இலங்கையின் மேற்குக் கடலே சாட்சி. சிங்கப்பூர்க் கொடி தாங்கிய ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ 2021 பெப்ரவரியிற் கையளிக்கப்பட்ட புத்தம்புதிய கப்பல். அதிலிருந்த 1,486 பெட்டிகளுள் ஒன்றில் நைத்திரிக் அமிலம் கசிந்தது. கட்டாரின் ஹமாட் துறையும் இந்தியாவின் ஹசிராத் துறையும் அப்பெட்டியை இறக்க இணங்கவில்லை. மே 20இற் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, யூன் மாதத்திற் கப்பல் மூழ்கியது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் குறுமணிகள் கடலுக்குள்ளும் கரைக்கும் வந்தன. அவ்வகைக் கசிவுகளுள் அறியப்பட்டவற்றிற் பெரியது அதுவே. ஆமைகளும் டொல்பின்களும் இறந்து ஒதுங்கின. நீர்கொழும்பு உள்ளிட்ட கரையோரத்தில் மீன்பிடி தடைசெய்யப்பட்டது.

இந்நிகழ்ச்சியை விபத்து என ஒதுக்குவோர் பெட்டியின் இயல்பை மறந்தவராவர். உள்ளே அமிலமாயினும் ஆடையாயினும் வெளியே ஒரே உருவம். திறவாமலே பாரந்தூக்கியினால் ஒரே வேகத்தில் ஏற்றலாம். லெவின்சன் போற்றும் பெட்டியின் தலைசிறந்த நற்பண்பு இதுவே. மேற்குக் கரையின் துன்பத்துக்கு வழிவகுத்த பண்பும் இதுவேயாகும். கசியும் பெட்டியொன்றைக் கப்பலின் நடுவிலிருந்து வெளியேற்றுவதற்கு நேரமும் இடமும் பணமும் வேண்டும். நேரத்தைச் சேமிப்பதையே நோக்கமாகக் கொண்டு கட்டப்பட்ட அமைப்பில் அதற்கு இடமில்லை.

பின் நிகழ்ந்தது கணக்கு பற்றிய வழக்கே. கப்பலுரிமையாளர் செலுத்தவேண்டிய நட்டஈட்டுக்கு ஓர் உச்சவரம்பு விதிக்கும் வழக்கம் ஆங்கிலச் சட்டத்தில் 18ஆம் நூற்றாண்டிலிருந்து வருவது. கடல் ஆபத்து நிறைந்தது, வரம்பில்லாவிடில் எவரும் கப்பல் விடார் என்பது அதன் நியாயம். மரக்கலக் காலத்தில் அது ஏற்கத்தக்கதாகவும் இருந்திருக்கலாம். இலண்டன் நீதிமன்றம் 2023இல் இக்கப்பலுக்கு அவ்வரம்பை ஏறத்தாழ 1 கோடியே 90 இலட்சம் பவுணாக ஏற்றது. இலங்கை உயர் நீதிமன்றமோ 2025 யூலையில் 100 கோடி டொலர் செலுத்துமாறு கட்டளையிட்டது. கம்பனி அதனைச் செலுத்த மறுத்தது. பொறுப்பு வரம்பின்றிக் கப்பற் தொழில் நடவாது என்பதே அது வெளிப்படையாகக் கூறிய காரணம். இக்கூற்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். அழிவின் முழுச் செலவையும் ஏற்கவேண்டி வருமாயின் இன்றைய கப்பற்கூலி நிலைக்காது என்ற ஒப்புதல் அதனுள் அடங்கியுள்ளது. லெவின்சனின் நூலில் எழுதப்படாத நிரலை எதிர்த்தரப்பே எழுதிக் காட்டியது எனலாம்.

2020இல் லெவின்சன் ‘அவுட்சைட் த பொக்ஸ்’ என்ற இன்னொரு நூலை வெளியிட்டார். அதில் அவருடைய தொனி மாறியுள்ளது. 2006இல் நீரிலிறங்கிய ‘எம்மா மேர்ஸ்க்’ என்ற பெருங்கப்பலுடன் தொடங்கி, கப்பல்கள் அளவுக்கு மீறிப் பெருத்தமையையும் கப்பற்றளங்களுக்கு அரசுகள் வழங்கிய மானியங்களையும் ஐயக்கண்ணோடு நோக்குகிறார். முன்னைய நூலிற் கிட்டாத தெளிவு இதிலுண்டு. ஆயினும் அவர் இதிலும் செலவைத் தேடுவது பெரும்பாலும் அரச வரவுசெலவுத் திட்டங்களிலும் கம்பனிகளின் ஐந்தொகைகளிலுமே. குறுமணி கலந்த மணலை அரிதட்டிலிட்டு அரித்த கரையோர மக்களின் நாட்கூலியும், வலை இறக்காத நாட்களில் மீனவன் பட்ட கடனும் அவ்வேடுகளில் இல்லை. அவை வேறு வகை ஆய்வாளரை வேண்டி நிற்கின்றன.