சிறுபாணாற்றுப்படையின் அமைப்பு

அமைப்பு என்னும் சொல் இன்று எல்லாத் துறையினராலும் எடுத்தாளப்படுகின்றது. அணுவின் அமைப்பு என்பர் அறிவியலார்; கோயிலின் அமைப்பு என்பர் சிற்ப நூலார்; குடிகளின் அமைப்பு என்பர் சமுதாய நூலார். சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே 1968-இல் வெளியிட்ட நூலொன்றில், கணிதம், உயிரியல், மொழியியல், சமுதாயவியல் ஆகியவற்றில் இக்கருத்து வழங்குமாற்றை ஒருங்கு வைத்து ஆராய்ந்தார். உறுப்புகளினும் உறுப்புகளிடை உள்ள உறவே முதன்மையானது என்பது அவர் கொள்கை. செய்யுளுக்கு முப்பத்து நான்கு உறுப்புக் கூறி, அவற்றுள் ஒன்றனுக்கு யாப்பு, அதாவது கட்டு, எனப் பெயரிட்ட தொல்காப்பியரைப் பயின்றார்க்கு இது புதுமையன்று. ஆயினும் நம் திறனாய்வில் அமைப்பு என்பது பெரும்பாலும் புறவடிவம் என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றது. வடிவம் வேறு, அமைப்பு வேறு என்பதைப் பழைய ஓய்மானாடாகிய திண்டிவனம், விழுப்புரம் பகுதியே நமக்குக் காட்டவல்லது.

திண்டிவனத்திற்குத் தெற்கே திருவக்கரையில் கல்லாகிய மரங்கள் கிடக்கின்றன. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணுட் புதைந்த அடிமரங்களில் மரப்பொருள் சிறிது சிறிதாக நீங்க, அவ்விடத்தை மணற்சத்தாகிய சிலிக்கா நிரப்பியது. வளர்ச்சி வளையமும் கணுவும் இன்றும் காணலாம். பொருள் மாறியது, வடிவம் நின்றது. ஆனால் அதன் குழாய்கள் இனி நீர் கொண்டு செல்லா.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் மண்டகப்பட்டுக் குடைவரை உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றி மும்மூர்த்திகட்கும் இக்கோயிலை எடுப்பித்ததாக விசித்திரசித்தன் எனப்பட்ட முதலாம் மகேந்திரவர்மன் அங்குள்ள வடமொழிக் கல்வெட்டிற் கூறுகின்றான். மரத்தை விலக்கினான், மரத்தச்சனின் வடிவத்தை விலக்கினானில்லை. மேலும் கீழும் சதுரமாய் இடையில் எண்பட்டையாய் நிற்கும் தூணும், அதன்மேற் போதிகையும் உள. கட்டடத்தில் போதிகை தூணையும் உத்தரத்தையும் இணைத்து எடையை வாங்கும். ஈண்டோ தூண், போதிகை, உத்தரம் எல்லாம் ஒரே பாறை; இணைத்தற்கு இரண்டு பொருள் இல்லை. கண்ணுக்குத் தாங்குவது போல் தோன்றுவது போதிகை. உண்மையில் தாங்குவது குன்று. கலையில் இது குறையன்று. ஆயினும், தாங்குவதாகத் தோன்றுவது எது, தாங்குவது எது என்னும் வினாவை ஆராய்வோன் விடலாகாது.

இவ்வினாவோடு சிறுபாணாற்றுப்படையை அணுகுவோம். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய இந்நூல் 269 அடிகளால் ஆயது. இதனை ஊர்ப்பெயர் தேடும் சுரங்கமாகக் கொண்டோர் பலர். கிடங்கில் திண்டிவனத்தைச் சார்ந்தது, எயிற்பட்டினம் மரக்காணமாகலாம் என்பன போன்ற முடிபுகள் பயனுடையனவே. எனினும் அவற்றோடு நூல் முடிந்துவிடுவதில்லை.

முதலில் மூவேந்தர் தலைநகர் மூன்றும் பரிசில் நோக்கில் வறியன எனப்படுகின்றன. பின்னர்க் கடையெழு வள்ளல்கள் வருகின்றனர். அவர் எழுவரும் பூண்ட ஈகை என்னும் நுகத்தை நல்லியக்கோடன் தான் ஒருவனாகத் தாங்கினான் என்கிறார் புலவர். மூன்று, ஏழு, ஒன்று என எண்ணிக்கை ஒருவனிடத்துக் குவிகின்றது. நுகம் அதுவே, தோள் மட்டும் மாறியது. இதனையடுத்தே பாணனது வறுமை கூறப்படுகின்றது: குட்டியீன்ற நாய் கிடக்கும் அடுக்களை, உப்பின்றி வெந்த குப்பைக்கீரை, பிறர் காணாதவாறு அடைத்த கதவு. இப்பகுதியைத் தனியே எடுத்துப் பாராட்டுவது நம் வழக்கம். அது நிற்கும் இடத்தையும் நோக்குதல் வேண்டும். நுகத்தின்மேல் ஏறிய சுமை யாது என்பதை அந்த அடுக்களையே கூறுகின்றது.

இனி வழி தொடங்குகின்றது. எயிற்பட்டினத்துப் பரதவர் கள்ளும் சுட்ட மீனும் தருவர். வேலூரில் எயினர் மனையில் புளியிட்ட சோறும் ஆமான் இறைச்சியும் கிடைக்கும். ஆமூரில் உழவர் மனையில் வெண்சோறும் நண்டும் உண்டு. கிடங்கில் வேந்தன் கை நீளுமுன்னரே பாணன் மும்முறை பசியாறுகின்றான். ஒருவனே தாங்கினான் என்று நூல் வாய்விட்டுக் கூற, அதன் வழியோ நெய்தலும் முல்லையும் மருதமும் உடன் தாங்குவதைக் காட்டுகின்றது. இவ்விருந்தோம்பலெல்லாம் மன்னன் புகழையே சாரும் என உரைப்பார் உளர். அவ்வாறு கொள்ளினும், சோறு எவ்வடுப்பில் வெந்தது என்பது மாறாது. புகழ்மொழி போதிகை போல்வது. நாட்டு மக்களின் அடுப்பு, குன்று.

இவ்வாறு நோக்கின், ஆற்றுப்படை என ஒரே பெயர் பெற்ற நூல்கள் ஒரே அமைப்பின அல்ல என்பது புலனாகும். பெரும்பாணாற்றுப்படையிலும் மலைபடுகடாத்திலும் வழிநெடுக விருந்தளிப்போர் உளர். திருமுருகாற்றுப்படையில் புரவலன் இருந்த இடத்தில் இறைவனும், பரிசிலுக்கு ஈடாக வீடுபேறும் வந்தன. ஆற்றுப்படுத்தும் வடிவம் நிலைத்தது. ஆறு இடங்களும் அங்கு விரிவாகக் கூறப்படுகின்றன. ஆனால் இடைவழியில் அவனுக்குச் சோறிடுவார் ஒருவரும் இலர்.