சொந்தப் பக்கம்

பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலிருந்து வேலைக்குப் போகும் பயோடேட்டாக்கள் எல்லாம் ஒரே அச்சு. அதே மாணவர்கள் கையால் எழுதிய வலைப்பக்கம் அப்படி இருப்பதில்லை. நோட்பேடும் ஒரு பிரௌசரும் போதும். 1991-ல் டிம் பெர்னர்ஸ்-லீ போட்ட முதல் இணையதளத்தின் தலைப்பு, பத்தி, இணைப்பு ஆகியவைதாம் இன்றும் அடித்தளம். அலங்காரத்தைத் தனியே பிரிக்கும் சி.எஸ்.எஸ். யோசனை 1994-ல் வந்தது.

எனக்குப் பிடித்த இடம், பக்கத்தில் தமிழ் ஏறும் இடம். ஆங்கிலத் தலைப்புக்கு வரி உயரம் 1.2 போதும். ‘திருநெல்வேலிச் சீமை’ என்று அதே அளவில் இரண்டு வரியாக மடித்துப் பாருங்கள்: மேல்வரியின் ‘ரு’ கீழே இறங்க, கீழ்வரியின் ‘சீ’ மேலே சுழிக்க, இரண்டும் முட்டிக்கொள்ளப் பார்க்கும். 1.6 வைத்தால் தமிழ் மூச்சு விடுகிறது. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த ‘கேட்டமரன்’ எழுத்துரு இலவசமாகவே கிடைக்கிறது; தலைப்புக்கு அழகு.

திறமையைக் காட்ட ‘ஜாவா 85 சதவீதம்’ என்று பக்கத்தில் பட்டை வரைவதுதான் சகிக்கவில்லை. யார் அளந்தது? திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாபநாசம் போகும் பஸ் நேரங்களைத் தேட ஒரு சின்னப் பக்கம் செய்து காட்டினால் அது பேசும். உருப்படியாக மூன்று வேலை போதும். வீட்டு முகவரியும் கைப்பேசி எண்ணும் வேண்டாம், மின்னஞ்சல் போதும். கிட்ஹப் பேஜஸில் பக்கத்தை ஏற்றக் காசு கிடையாது. இந்த செமஸ்டர் விடுமுறையிலேயே தொடங்குங்கள்.