சர்வதேச வர்த்தகமும் நிதியும்: இளங்கலை ஆய்வேடுகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

எமது பல்கலைக்கழகங்களிற் பொருளியலைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவர் இறுதியாண்டில் ஓர் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தல் நீண்டகால நடைமுறையாகும். பெரும்பாலோர்க்கு அதுவே முதலாவது ஆய்வு. பலர்க்கு அதுவே இறுதி ஆய்வுமாகும். அதனை எழுதும்பொழுது படியும் சிந்தனைப் பழக்கத்துடனேயே அவர்கள் மத்திய வங்கிக்கும் அமைச்சுக்களுக்கும் வணிக வங்கிகளுக்கும் பாடசாலைகளுக்கும் செல்கின்றனர். ஆதலால் இவ்வாய்வேடுகளை மாணவர் பயிற்சி என ஒதுக்கிவிடாது, ஒரு சிந்தனை மரபின் வெளிப்பாடாக நோக்குதல் தகும். சர்வதேச வர்த்தகம், நிதி ஆகிய துறைகளில் தமிழ்மொழி மூலம் எழுதப்படுவனவற்றை மனங்கொண்டே இக்குறிப்புகளை எழுதுகின்றோம். தனிப்பட்ட எவரையும் சுட்டுதல் எமது நோக்கமன்று.

இவ்வாய்வேடுகளின் அமைப்பு பெரும்பாலும் ஒரேவகையினது. செலாவணி வீத மாற்றம் ஏற்றுமதி வருவாயில் ஏற்படுத்தும் தாக்கம் என்ற பாங்கில் ஒரு தலைப்பு; அறிமுகம், இலக்கிய மீளாய்வு, முறையியல், பகுப்பாய்வு, முடிவுரை என ஐந்து இயல்கள். பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட 1977ஆம் ஆண்டிலிருந்து அண்மைக்காலம் வரையுள்ள வருடாந்தத் தரவுகள் திரட்டப்பட்டு, ஏறத்தாழ நாற்பத்தைந்து அவதானங்கள் பிற்செலவுப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தப்படுகின்றன. ரூபாவின் பெறுமதித் தேய்வு ஏற்றுமதியை ஊக்குவிக்கும் என்ற கருதுகோள் 5 சதவீதப் பொருளுண்மை மட்டத்தில் ஏற்கப்படுகின்றது. அரசாங்கம் ஏற்றுமதியை ஊக்குவித்தல் வேண்டும் என்ற விதந்துரையுடன் ஆய்வேடு நிறைவுறுகின்றது. இலங்கை என்ற பெயரை நீக்கி வேறொரு நாட்டின் பெயரை இட்டாலும் முதல் மூன்று இயல்களில் அதிக மாற்றம் வேண்டியிராது.

கணிதம் வேண்டாம் என்பது எமது வாதமன்று. காலப்போக்கில் ஒருங்கே உயர்ந்து செல்லும் இரு தொடர்களிடையே உண்மைத் தொடர்பு இல்லாதபோதும் வலுவான தொடர்பு தோன்றக்கூடும் என்பதைக் கிறேஞ்சரும் நியூபோல்டும் 1974இலேயே எடுத்துக்காட்டினர். இன்றைய மாணவர் அதனை அறிவர். அலகு மூலச் சோதனை செய்யாது எவரும் மேற்செல்வதில்லை. ஆயின் அச்சோதனை தொடரின் நடத்தையைச் சோதிக்கின்றதேயன்றி, அதிலுள்ள எண் யாரால், எவ்வாறு, எதனை உள்ளடக்கியும் எதனை விலக்கியும் ஆக்கப்பட்டது என்பதைச் சோதிப்பதில்லை. எண்ணை இயற்கையின் விளைபொருள் போற் கொள்வதே இவ்வாய்வேடுகளின் அடிப்படைக் குறைபாடு என்பது எமது துணிபு. இதனை இரு உதாரணங்களால் விளக்கலாம்.

முதலாவது தேயிலை. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர், மார்ச் மாதத்திற் செலாவணி வீதம் தளர்த்தப்பட்டபின், மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. இத்துணைப் பெருந்தேய்வு ஏற்றுமதியைப் பெருக்கியிருத்தல் வேண்டும் என்றே மேற்கண்ட கருதுகோள் எதிர்பார்க்கும். நிகழ்ந்ததோ வேறு. 2021இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோகிராமாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 250 மில்லியனாகக் குறைந்தது. தேயிலையால் ஈட்டிய டொலரும் குறைந்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடை அவ்வாண்டு நவம்பரில் நீக்கப்பட்டபோதும், அதன் விளைவு செடியில் நின்றது. செடி செலாவணி வீதத்தைக் கண்டு தளிர்ப்பதில்லை. நாணயத் தேய்வின் பயன் கேள்வி, நிரம்பல் ஆகியவற்றின் நெகிழ்ச்சியிற் தங்கியுள்ளது என்பதை மாணவர் இலக்கிய மீளாய்வில் எழுதுகின்றனர்; பகுப்பாய்வு இயலுக்கு வரும்பொழுது மறந்துவிடுகின்றனர்.

இதனினும் முக்கியமான வினா பங்கீடு பற்றியது. கொழும்பு ஏல விற்பனையில் 2021இல் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 620 ரூபாவாக இருந்த சராசரி விலை 2022இல் 1200 ரூபாவைத் தாண்டியது. உரம், எரிபொருள் ஆகியவற்றின் விலைகளும் ஏறின என்பது உண்மை. பச்சைக் கொழுந்து விற்ற சிறுதோட்ட உடைமையாளர்க்கும் விலையேற்றத்தில் ஒரு பங்கு கிட்டியது. பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளமோ 2021 மார்ச்சில் நிர்ணயிக்கப்பட்ட 1000 ரூபாவாகவே 2024 வரை நின்றது. நிர்ணயிக்கப்பட்ட அளவு கொழுந்து பறியாதவர்க்கு ‘அரைப்பேர்’ மட்டுமே பதியப்படும் வழக்கைக் கருதின், அந்த 1000 ரூபாவும் எல்லா நாளும் எல்லார்க்கும் உரியதாக இருக்கவில்லை. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரிற் பணவீக்கம் 69.8 சதவீதமாகவும், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாகவும் இருந்தன. பெறுமதித் தேய்வு என்பது ஏற்றுமதியை ஊக்குவிக்கும் கருவி மாத்திரமன்று; வருமானத்தை ஒரு வர்க்கத்திடமிருந்து மற்றொரு வர்க்கத்திற்கு மாற்றும் கருவியுமாகும். மலையகத்திலிருந்து வரும் மாணவர் பலர் இதனைத் தம் பெற்றோரின் சம்பளச் சிட்டையில் நேரிற் கண்டவர்கள். அவர்தம் ஆய்வேட்டில் அச்சிட்டைக்கு இடமில்லை என்பதே எமது கவலை.

இரண்டாவது உதாரணம் தொழிலாளர் பணவனுப்பல்கள். 2020இல் ஏறத்தாழ 7.1 பில்லியன் டொலராக இருந்த இத்தொகை 2021இல் 5.5 பில்லியனாகவும், 2022இல் 3.8 பில்லியனாகவும் வீழ்ந்தது. தொழிலாளர் தொகையையும் பணவனுப்பலையும் தொடர்புபடுத்தும் ஓர் ஆய்வாளர், வெளிநாடு சென்றோர் குறைந்தனர் என முடிவு செய்யக்கூடும். ஆயின் 2022இல் 3 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தொழில்தேடி வெளியேறினர். அது அதுவரை காணாத தொகை. உத்தியோகபூர்வச் செலாவணி வீதம் செயற்கையாகத் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்த காலத்தில் வெளியே கூடுதல் விலை கிடைத்தமையால், பணம் வங்கியை விடுத்து உண்டியல் வழியே வந்தது. சென்மதி நிலுவைக் கணக்கில் வீழ்ச்சி பதிவாயிற்று. ஊரிலுள்ள வீட்டிற்குப் பணம் வந்துகொண்டிருந்தது. அட்டவணையிலுள்ள எண் பிழையன்று. அது எதனை அளக்கின்றது என்பதே வினா. அவ்வினாவை எழுப்பாத பிற்செலவுப் பகுப்பாய்வு, வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைப்பவளின் விவேகமான தெரிவை வெறும் வழுவாக ஒதுக்கிவிடுகின்றது.

கோட்பாடுகள் கையாளப்படும் முறையிலும் இதே போக்கைக் காணலாம். றிக்காடோ 1817இல் எடுத்தாண்ட உதாரணம் எல்லா ஆய்வேடுகளிலும் இடம்பெறுகின்றது: துணிக்கு இங்கிலாந்தில் 100 பேர், போர்த்துக்கலில் 90 பேர், மதுவுக்கு முறையே 120 பேர், 80 பேர். இவ்விரு நாடுகளும் துணியையும் மதுவையும் பரிமாறியமைக்கு 1703ஆம் ஆண்டின் மெதுவன் உடன்படிக்கை ஒரு பின்னணியாக அமைந்தது என்பதையோ, போர்த்துக்கலின் நெசவுத்தொழில் அதனால் யாதாயிற்று என்பதையோ எழுதுவாரைக் காண்டல் அரிது.

மறுபுறத்தே, முற்போக்காளர் எனத் தம்மைக் கருதும் மாணவரும் இக்குறைபாட்டினின்று நீங்கியவரல்லர். மூலப்பொருள் ஏற்றுமதி நாடுகளின் வர்த்தக மாற்று விகிதம் நீண்டகாலத்திற் சரியும் என்ற பிறெபிஷ்–சிங்கர் கருத்து 1950இல் முன்வைக்கப்பட்டது. பிறெபிஷ் பயன்படுத்தியவை பிரித்தானிய விலைத்தரவுகள். அவற்றில் இறக்குமதி விலை கப்பற் கூலியை உள்ளடக்கியது, ஏற்றுமதி விலை உள்ளடக்காதது. கப்பற் கூலி வீழ்ந்த காலத்தில் இவ்வேறுபாடு முடிவையே பாதிக்கும் என விமர்சகர் சுட்டினர். அவ்விமர்சனத்தை எதிர்கொண்ட பின்னரே அக்கருத்து வலுப்பெற முடிந்தது. எமக்கு உவப்பான முடிவைத் தரும் எண்ணையும் அதே கண்டிப்புடன் வினாவுதல் வேண்டும்.

அவ்வாறாயின் மாணவர் செய்யத்தக்கது யாது? நாற்பத்தைந்து ஆண்டுகளை ஒரு சமன்பாட்டினுள் அடக்குவதிலும், ஒரு பண்டத்தை, ஓர் உடன்படிக்கையை, ஒரு கொடுப்பனவு வழியைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்தல் ஓர் இளங்கலை மாணவனின் ஆற்றலுக்கும் காலத்திற்கும் ஏற்றது. 1952இல் சீனாவுடன் செய்யப்பட்ட இறப்பர்–அரிசி உடன்படிக்கையில், எமது இறப்பருக்குச் சந்தை விலையினும் கூடிய விலை எக்காரணத்தாற் கிட்டியது? 1968இல் அறிமுகமாகி 1977இல் நீக்கப்பட்ட இரட்டைச் செலாவணி முறையில் எப்பண்டம் எவ்வீதத்திற் சேர்க்கப்பட்டது. அதனை யார் தீர்மானித்தனர்? ஈரானிய எண்ணெய்க் கடனான 251 மில்லியன் டொலரைத் தேயிலையாற் தீர்க்க 2021இற் செய்த ஏற்பாட்டில், தேயிலை விற்றவர்க்கு ரூபா வழங்கியவர் யார்? இவற்றுக்கான மூலங்கள் எட்டாதவை அல்ல. 1950இல் நிறுவப்பட்ட மத்திய வங்கியின் ஆண்டறிக்கைகள், பாராளுமன்ற விவாதப் பதிவுகள், சுங்கத் திணைக்களப் புள்ளிவிபரங்கள் யாவும் நூலகங்களில் உள. தோட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் வங்கிக் கருமபீடத்திலும் வினவத்தக்க மனிதரும் உளர்.

இப்பொறுப்பு மாணவருக்கு மட்டும் உரியதன்று. விரைவில் மேற்பார்வை செய்யவும் புள்ளியிடவும் வாய்ப்பான வார்ப்பை ஆசிரியரே விரும்பி ஊக்குவிக்கின்றனர். தமிழிற் கலைச்சொற்களை ஆக்கிய முன்னோர் சென்மதி நிலுவை, செலாவணி என்றவாறு பொருள் விளங்கும் சொற்களைத் தந்துசென்றனர். அச்சொற்களைத் திறந்து பார்க்கும் பயிற்சியை நாம் மாணவருக்கு அளித்தோமா என்பது ஐயத்திற்குரியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் மீள்கொடுப்பனவை நாடு இடைநிறுத்தியபோது, அதன் பொருளைப் பொதுமக்களுக்குத் தமிழில் விளக்கக் கூடியவராய் முன்வந்த பட்டதாரிகள் மிகச் சிலரே. ஆய்வேட்டின் ஐந்தாம் இயலில் அரசாங்கத்திற்கு விதந்துரை வழங்குமுன், இவ்வீத மாற்றத்தின் சுமையை ஏற்றவர் யார் என்ற ஒரு வினாவுக்கேனும் விடை கூறுமாறு மாணவரைக் கேட்டல், துறைசார் ஆசிரியர் இவ்வாண்டே தொடங்கக்கூடிய சீர்திருத்தமாகும்.