முன்சீப் போட்ட மனு

மாயூரம் வேதநாயகம் பிள்ளையை 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவராகத்தான் பலருக்கும் தெரியும். அவர் கத்தோலிக்கர், மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றினார்; பஞ்சம் தீரக் கடவுளிடம் கேட்டுப் பாடவும் செய்தார்.

அவருடைய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'யை மதநல்லிணக்க நூலாக மட்டும் பார்ப்பது பாதி வாசிப்புதான். அதில் புத்தி சொல்லும் பாட்டுகள் இப்போ சப்புன்னு இருக்கு. மன்றாடும் பாட்டுகள்தான் நிற்குது. காரணம் பல்லவி: ஒவ்வொரு சரணம் முடிந்ததும் அதே கோரிக்கை திரும்ப வருது. லூக்கா 18-இல் நீதிபதியை விடாமல் நச்சரிக்கும் விதவையும் இதைத்தான் செய்கிறாள். தீர்ப்பு சொன்னவரே இங்கே மனுதாரர்.

அந்தப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். பதில் வராதபோதும் அடுத்த சரணத்துக்குப் போவதுதான் விடாத ஜெபம்.