பையோடு போனது என்ன?

என் அத்தை குயிலாப்பாளையத்தில் பிறந்து மரக்காணத்தில் வாழ்க்கைப்பட்டவர். முப்பது வருஷம் உப்பளத்தில் கூடை சுமந்தவர். கை எலும்பு முறிந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

"இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு பாரு கண்ணு. எனக்குப் பை எடுத்த சீட்டு."

முப்பத்தாறு வயசில் அவருக்குப் பெரும்பாடு. மூணு புள்ள ஆச்சு, இனிமே இது எதுக்கு என்று ஒரு ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள். அத்தை தலையாட்டியிருக்கிறார். சீட்டு முழுக்க இங்கிலீஷ். கருப்பையோடு இரண்டு அண்டகங்களையும் எடுத்திருந்தார்கள். ஏன் எடுத்தார்கள் என்பதற்கு அதில் ஒரு வரி கிடையாது. இருபது வருஷமாக அத்தைக்கு இது தெரியாது. சொன்னேன்.

"எல்லாம் ஒண்ணுதானே? பைன்னா பைதானே?"

தமிழில் பெண் உடலைப் பற்றி எழுதப்பட்டவற்றை அத்தையின் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

சீட்டின் பின்புறத்தில் படம் போட்டுக் காட்டினேன். நடுவில் கருப்பை. தலைகீழாக வைத்த பேரிக்காய் மாதிரி, ஏழரை சென்டிமீட்டர் நீளம். இரண்டு பக்கமும் பத்து சென்டிமீட்டர் அளவில் இரண்டு குழாய்கள். அவற்றின் முனையருகே இரண்டு அண்டகங்கள், ஓட்டோடு இருக்கிற முந்திரிக்கொட்டை அளவு. கருமுட்டையும் விந்தணுவும் சேர்வது குழாயில்தான், கருப்பையில் இல்லை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனில் கட்டுவதோ வெட்டுவதோ அந்தக் குழாயை. அதற்குப் பிறகும் மாதவிலக்கு வரும். கருப்பையை எடுத்தால் மாதவிலக்கு நிற்கும். ஆனால் அண்டகத்துக்கு இன்னொரு வேலை இருக்கிறது. அதில் சுரக்கும் ஹார்மோன் எலும்பைக் காக்கிறது. நாற்பத்தைந்து, ஐம்பது வயதுவரை இந்த வேலை நடக்கும். முப்பத்தாறில் இரண்டையும் எடுத்துவிட்டால் மாதவிலக்கு நின்ற பிறகான உடம்பு ஒரே நாளில் வந்துவிடுகிறது. குப்பென்று உடம்பு காயும், தூக்கம் வராது, எலும்பு தேயும்.

"உப்பளத்து வெயிலு உள்ள ஏறிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார் அத்தை.

கை முறிந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. ஆனால் எதை எடுக்கிறீர்கள், ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது. கேட்பதற்குச் சொல் இல்லை.

தமிழில் சொல்லே இல்லையா? இருந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1857இல் 'பிரசவ வைத்தியம்' நூலையும் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' நூலையும் தமிழில் கொண்டுவந்தார். தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் 'அங்காதிபாதம்' என்ற தலைப்பே அது யாருடைய தமிழ் என்று சொல்லிவிடுகிறது. அதே காலத்தில் சேரியில் பிள்ளையை வாங்கி, கொடியறுத்து, நஞ்சைப் புதைத்த கிழவிகளுக்கு வேறு தமிழ் இருந்தது. பனிக்குடம், நஞ்சு, அடி இறங்குதல், பெரும்பாடு. இத்தனை துல்லியமாகப் பெயர் வைத்தவர்களின் அறிவைத் தீட்டு என்று ஒதுக்கினார்கள். புத்தகத்தில் ஏறியது அறிவியல் ஆகிவிட்டது.

உறுப்புகளின் பெயரிலேயே இந்த அரசியல் கிடக்கிறது. கருக்குழாய்க்கு 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஆண் ஃபெலோப்பியோவின் பெயர். 1840களில் அமெரிக்க மருத்துவர் மேரியன் சிம்ஸ், மயக்க மருந்து கொடுக்காமல் கருப்பு அடிமைப் பெண்களைத் திரும்பத் திரும்ப அறுத்துத்தான் பெண்நோய் அறுவைச் சிகிச்சையைப் பழகினார். அனார்ச்சா, பெட்சி, லூசி என்ற அந்த மூவரின் பெயரில் எந்த உறுப்பும் இல்லை.

நான் பத்தாவது படித்தபோது இனப்பெருக்கப் பாடம் வந்ததும் டீச்சர், "இத நீங்களே படிச்சுக்குங்க" என்று பக்கத்தைத் தள்ளினார். அதே உறுப்பின் பெயர் வசவாகத் தெருவிலும் கழனியிலும் காது கிழியக் கேட்டது. மேஸ்திரி கூப்பிடுவதே அந்தச் சொல்லால்தான். பாடத்தில் சொல்லக்கூடாதது எங்கள் பெண்கள்மீது எறிவதற்கு மட்டும் ஆகும்.

2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்தது. அடுத்த வருஷம் அவர், சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோரின் எழுத்து ஆபாசம் என்று கூச்சல் எழுந்தது. மேஸ்திரியின் வாயில் ஆபாசத்தைக் கேட்காத காதுகளுக்குப் பெண்ணே சொன்னதும் கேட்டுவிட்டது! அந்தக் கவிஞர்கள் செய்தது மீட்பு. வசவிலிருந்தும் வருணனையிலிருந்தும் உறுப்பைப் பிடுங்கித் தன் உடம்பில் திரும்ப வைத்தார்கள். சித்த மருத்துவம் படித்த குட்டி ரேவதி தான் நடத்திய இதழுக்குப் 'பனிக்குடம்' என்று பெயர் வைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பாமாவின் 'சங்கதி' (1994) நம் பெண்களின் வசவை அப்படியே எழுதியதோடு, அவர்கள் ஏன் அப்படிப் பேசுகிறார்கள் என்றும் யோசித்தது.

இவர்களால்தான் நான் எழுதுகிறேன். அதனாலேயே ஒன்றைக் கேட்கவேண்டும். வெளியே தெரியும் உறுப்புகளை மீட்டோம். உள்ளே இருப்பவற்றின் கதையை எவ்வளவு எழுதினோம்? கத்தி அங்கேதான் போகிறது. 2014இல் சத்தீஸ்கர் பிலாஸ்பூரில் கருத்தடை முகாமுக்குப் போன பெண்களில் பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கருப்பை எடுத்துக்கொண்டது 2019இல் வெளியே வந்தது. மாதவிலக்கு நாளில் வேலைக்கு வராவிட்டால் கூலி பிடிப்பார்கள், அதற்குப் பயந்து பையையே கொடுத்துவிட்டார்கள். நம் தமிழ்நாட்டிலேயே 800 கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வு 2024இல் வெளியானது. கடும் வெயிலில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதும் செத்துப் பிறப்பதும் இரண்டு மடங்கு என்றது. அந்த வெயிலில் உப்பளமும் உண்டு.

இதை எழுத அழகியல் போதாது. உறுப்பின் பெயர், அளவு, வேலை, அதை எடுத்தால் என்ன ஆகும் என்பதும் இலக்கியத்துக்குள் வரவேண்டும். நம் தன்வரலாறுகளில் பசிக்குக் கணக்கு இருக்கிறது, கூலிக்குக் கணக்கு இருக்கிறது. பைக்குக் கணக்கு இல்லை. தோழிகளே, உங்கள் வீட்டுப் பரணில், அரிசிப் பானைக்குள் இப்படி ஒரு சீட்டு இருக்கும். எடுத்துப் படியுங்கள். அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது அத்தை அந்தப் படத்தைக் கேட்டார். "எனக்கு அப்புறம் பைய எடுத்துக்கினவ எங்க தெருவுல நாலு பேரு. அவளுங்களுக்குக் காட்டணும். அந்த ரெண்டு முந்திரிக்கொட்டையையும் நல்லா பெருசா வரைஞ்சு குடுடி."