திருப்புளி யார் கையில்?

ஏப்ரலில் ஹூஸ்டனில் ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் உலகப் போட்டி முடிந்த கையோடு ஒரே வகையான பாராட்டுரைகள் வரத் தொடங்கிவிடும். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏன் நான்கு ஆண்டுகளும் குழுவை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு காசு வாங்காத பொறியாளர்கள் ஏன் ஆண்டுக்கணக்கில் தங்கள் மாலைப்பொழுதைப் பள்ளிப் பட்டறையில் கழிக்கிறார்கள் என்று அவை கேட்கும். பதிலும் தயாராக இருக்கும்: ரோபோ ஒரு சாக்குத்தான், அங்கே கிடைப்பது ஒரு குடும்பம். அமைப்பின் விளம்பர வாசகமும் இது ரோபோக்களைவிடப் பெரியது என்றே சொல்கிறது. பல ஆண்டுகளாக இந்தப் பதிலைக் கேட்டு வருகிறேன். என்னால் ஏற்க முடியவில்லை. யாரும் விட்டுப்போகவில்லை என்பதையே ஒரு கல்வி முயற்சியின் வெற்றிக்குச் சான்றாக வைக்கும் வாதம் இது. தங்குகிறவர் யார், எதற்காகத் தங்குகிறார் என்று பார்க்கும்போது அந்தச் சான்று வேறொரு கதையைச் சொல்கிறது.

நல்லவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1992இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 குழுக்களோடு தொடங்கிய போட்டி இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்களைத் தொட்டிருக்கிறது. விளையாட்டு வீரனுக்குக் கிடைக்கும் கைத்தட்டல் பொறியாளனுக்கும் கிடைக்க வேண்டும் என்ற நிறுவனர் டீன் கேமனின் ஆசை சிறிய ஆசை இல்லை. மிக உயர்ந்த விருது, போட்டியில் வென்ற ரோபோவுக்குப் போவதில்லை; தன் ஊருக்கு நல்லது செய்த குழுவுக்குப் போகிறது. அடுத்த ஆட்டத்தில் மோதப்போகிற அணிக்கே மோட்டாரைக் கடன் கொடுக்கும் பண்பும் அங்கே இருக்கிறது. பிராண்டைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 முதல் பங்கேற்பாளர்களைத் தொடர்ந்து கவனித்து, அவர்களிடம் அறிவியல், பொறியியல் நாட்டம் கூடியிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் யாரோடும் ஒட்டாத பிள்ளைக்குப் பட்டறையில் ஓர் இடம் கிடைக்கிறது. இவற்றில் எதையும் மறுக்கவில்லை.

என் கேள்வி அந்த இயந்திரத்தைப் பற்றியது. அதைச் செய்தது யார்?

ஜனவரித் தொடக்கத்தில் அந்த ஆண்டின் ஆட்டம் அறிவிக்கப்படும். 2019 வரை ஆறு வாரம் கழித்து ரோபோவைப் பையில் போட்டு முத்திரை வைத்துவிட வேண்டும். 2020இல் பை போய்விட்டது. இப்போது போட்டிக்குக் கிளம்பும் நாள் வரை, இரண்டு போட்டிகளுக்கு நடுவிலும்கூட, வேலை நடக்கிறது. எதிர்பார்க்கப்படுவதோ ஐம்பது கிலோவை எட்டும் ஒரு இயந்திரம். நான்கு சக்கரங்களும் தனித்தனியே திரும்பி எந்தத் திசையிலும் ஓட வேண்டும். கேமரா வழியே தன் இடத்தைத் தானே கணிக்க வேண்டும். ஆட்டத்தின் முதல் சில விநாடிகள் மனிதக் கை படாமல் இயங்க வேண்டும். செப்டம்பரில் குழுவில் சேர்ந்த பதினான்கு வயதுப் பெண்ணால் ஜனவரியில் இதை வடிவமைக்க முடியாது. முடியும் ஒருவர் பக்கத்திலேயே நிற்கிறார். விண்வெளி நிறுவனத்திலோ கார் நிறுவனத்திலோ பகலெல்லாம் அதையே செய்துவிட்டு வந்தவர். இரவு வீட்டில் உட்கார்ந்து வடிவமைப்புக் கோப்பைத் திறக்கிறார். மறுநாள் மாலை பிள்ளைகள் வரும்போது ரோபோவின் கை முழுதாக வரையப்பட்டிருக்கிறது. அவர்களுக்கு மிஞ்சுவது துளை போடுவதும் திருகு முடுக்குவதும்.

இதில் விதிமீறல் எதுவும் இல்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. ஆட்டக்களத்தில் ரோபோவை ஓட்டுகிறவர் மாணவராக இருக்க வேண்டும் என்று விதி உண்டு. ஆட்டம் சில நிமிடம்தான். அதற்கு முந்தைய நூற்றுக்கணக்கான மணி நேரத்தில் வடிவமைப்பும் நிரலும் யாருடையவை என்று யாரும் கேட்பதில்லை. இதே அமைப்பு சின்னப் பிள்ளைகளுக்காக நடத்தும் லெகோ லீகில் நிலைமை வேறு: வேலை பிள்ளைகளுடையது, பெரியவர்கள் வழிகாட்ட மட்டுமே என்று அங்கே சொல்லித்தரப்படுகிறது. வெக்ஸ் என்ற மற்றொரு ரோபோ போட்டியை நடத்துகிறவர்களும் மாணவர்தான் கட்ட வேண்டும், மாணவர்தான் நிரல் எழுத வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். பத்து வயதுக் குழந்தையை நம்பும் அமைப்பு அதே குழந்தைக்குப் பதினாறு வயது ஆனதும் பக்கத்தில் ஒரு பொறியாளரை நிறுத்துகிறது என்றால், அந்த ஏற்பாடு யாருக்காக?

இதன் வேரைப் பார்த்தால் முரண் இன்னும் கூடுகிறது. எம்.ஐ.டி.யில் வூடி ஃபிளவர்ஸ் நடத்திப் புகழ்பெற்ற 2.70 என்ற வடிவமைப்பு வகுப்புதான் இந்தப் போட்டியின் தாய். அங்கே எல்லா மாணவருக்கும் ஒரே மாதிரியான உதிரிப் பொருள்கள் தரப்படும். ஒவ்வொருவரும் தனியாக யோசித்து, தனியாகக் கட்டி, கடைசியில் மோத வேண்டும். மோட்டார் சுழலாமல் போனாலும் அது அந்த மாணவரின் மோட்டார். பேராசிரியர் கட்டிக் கொடுக்கவில்லை. அந்த வகுப்பின் உயிர்நாடியே அதுதான். போட்டி பெரிதானபோது கூட்டமும் வெளிச்சமும் வந்தன, உயிர்நாடி போய்விட்டது.

ஆதரவாளர்களின் மறுமொழி எனக்குத் தெரியும். நோக்கம் பயிற்சி இல்லை, ஊக்கம்; தேர்ந்த பொறியாளர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதே பிள்ளையின் வாழ்க்கையை மாற்றிவிடும் என்பார்கள். பார்த்து வரும் ஊக்கம் உண்டுதான். ஆனால் அரங்கேற்றத்தில் நட்டுவனார் தாளம் தட்டலாம், மேடையேறி ஆடக்கூடாது. தான் வரைந்த பகுதி உடைந்து, ஏன் உடைந்தது என்று மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்த பிள்ளைக்கு வரும் தெம்பு வேடிக்கை பார்த்து வராது.

மென்டர்கள் எனப்படும் இந்தப் பொறியாளர்கள் ஏன் தங்குகிறார்கள் என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. பெரிய நிறுவனத்தில் ஒரு பொறியாளருக்கு ஒரு பொருளின் சின்னஞ்சிறு பகுதிதான் கிடைக்கும். அதற்கும் மாதக்கணக்கில் கூட்டங்கள், ஒப்புதல்கள். பள்ளிப் பட்டறையில் வெறும் தாளில் தொடங்கிய இயந்திரம் இரண்டே மாதத்தில் களத்தில் ஓடுகிறது, ஆயிரக்கணக்கானோர் ஆரவாரம் செய்கிறார்கள். இந்த மகிழ்ச்சியை நான் குறை சொல்லவில்லை. வேலையில் கிடைக்காத நிறைவை அவர் பிள்ளைகளின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்கிறார் என்பதே என் குறை. பள்ளி முடித்த முன்னாள் மாணவர் மறு ஆண்டே மென்டராகத் திரும்புவதையும் விசுவாசம் என்று போற்றுகிறார்கள். பதினெட்டு வயது வரை தனக்குக் கிடைக்காத வடிவமைப்பு வேலை அவருக்குப் பத்தொன்பதில் கிடைக்கிறது. உடனே அதைத் தனக்கு அடுத்தவரிடமிருந்து பறிக்கிறார். 1996 முதல் ஃபிளவர்ஸ் பெயரிலேயே மென்டர்களுக்கு விருதும் இருக்கிறது. மாணவர்கள் கட்டுரை எழுதிப் பரிந்துரைக்கிறார்கள், நெஞ்சைத் தொடும் கட்டுரைகள். ஆனால் அவர் இல்லாமல் இந்தக் குழுவே இல்லை என்று ஒரு மாணவர் எழுதினால் அதை நான் எச்சரிக்கையாகத்தான் படிப்பேன். அப்படிப்பட்டவர் வேலை மாறி வேறு ஊருக்குப் போன மறு ஆண்டு குழு கலைந்துவிடுகிறது. அங்கே மாணவர்களிடம் எதுவும் கைமாறியிருக்கவில்லை.

விட்டுப் போனவர்களைப் பற்றிப் பாராட்டுரைகளில் ஒரு வரிகூட இல்லை. பட்டறையில் வேலை இல்லாததால் விருதுக் கட்டுரை எழுதவும், மற்ற அணிகளின் ஆட்டத்தைக் குறிப்பெடுக்கவும், சட்டைக்கு அச்சு வடிவம் போடவும் அனுப்பப்படும் பிள்ளைகள் பல குழுக்களில் உண்டு. அவர்களில் பெண் பிள்ளைகள் கணிசம். இவையும் தேவையான வேலைகளே. ஆனால் ரோபோ செய்ய வந்த பிள்ளை ஓராண்டு கட்டுரை எழுதிவிட்டுப் போய்விட்டால், தங்கியவர்களை மட்டும் கேட்டு எழுதிய கதையில் அவள் எங்கே வருவாள்?

ஃபர்ஸ்ட் அமைப்பு புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. லெகோ லீகில் சொல்வதை உயர்நிலைப் பள்ளிப் போட்டிக்கும் விதியாக்கினால் போதும். ரோபோக்கள் மெதுவாகும், பல பாதி ஆட்டத்தில் நின்றுபோகும், அரங்கின் ஆரவாரம் சில ஆண்டுகள் குறையும். குறையட்டும்.

கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் மிச்சிகனிலும் பிள்ளைகளின் குழுவுக்கு மென்டராகப் போகும் நம் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஜனவரியில் அந்த வடிவமைப்புக் கோப்பை வீட்டில் திறக்காதீர்கள். பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லுங்கள். கேட்கும் வரை காத்திருங்கள். அவர்கள் செய்தது தோற்றால், தோற்ற ரோபோவோடு போட்டிக்குப் போக அவர்களை விடுங்கள்.